வலைக் கழிவை உருக்கினால் அடுக்கடுக்காக உரிகிறது, என்ன செய்யலாம்?

மண்டபம்_குருணை:
கிழிந்த வலை, பழைய கயிறு வாங்கி உருக்கிக் குருணை (பிளாஸ்டிக் மணி) போடுகிறோம். சிங்கிள் ஸ்க்ரூ (ஒற்றைத் திருகு) மெஷின், சூடு 200 டிகிரி. ஹெச்டிபிஇ (கெட்டி ரகப் பாலிஎத்திலீன்) கயிறு மட்டும் போட்டால் இழை வழவழவென்று வருகிறது. தங்கூசி (ஒற்றை நரம்பு) வலை கொஞ்சம் சேர்ந்தால் வெள்ளைக் கட்டி, உருகலை வடிகட்டும் ஜாலி அடைத்துக்கொள்கிறது. 240க்கு ஏற்றினேன், கட்டி போய்விட்டது, ஆனால் நுரை வருகிறது, வளைத்தால் வாழைமட்டை மாதிரி உரிகிறது. ஸ்க்ரூ தேய்ந்துவிட்டதா?

தொண்டி_ராஜா:
ஸ்க்ரூ மேல் பழி போடாதீங்க தம்பி. தங்கூசி பெரும்பாலும் நைலான் 6, சுமார் 220 டிகிரியில்தான் உருகும், ஹெச்டிபிஇ 130 பக்கத்திலேயே உருகிவிடும். 200இல் வந்த கட்டி உருகாத நைலான். நுரை ஈரத்தால். நைலான் ஈரத்தை இழுக்கும், பகலில் வெயிலில் காயப்போட்டாலும் நம்ம கடற்காற்றில் ராத்திரி திரும்ப ஏறிவிடும். நல்ல தண்ணீரில் உப்பு போகக் கழுவி, 80 டிகிரியில் சில மணி நேரம் டிரையரில் வைத்து, சூட்டோடு ஹாப்பரில் (மெஷினில் சரக்கு கொட்டும் வாய்) போடுங்க.

எக்ஸ்ட்ரூடர்_மதுரை:
சரி, அது நுரைக்கு. உரிவது வேறு கதை. இரண்டும் உருகினாலும் ஒன்றில் ஒன்று கரையாது, நைலான் பாலிஎத்திலீனுக்குள் துளித்துளியாகத்தான் நிற்கும், டையில் (உருகல் வெளிவரும் துளை) இழுபடும்போது அந்தத் துளிகள் நூலாக நீண்டு அப்படியே உறைகின்றன, இடையில் பிடிப்பே இல்லை. ஆர்பிஎம் (ஸ்க்ரூ சுற்றும் வேகம்) கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும், ஆனால் 1934இல் ஜி.ஐ. டெய்லர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி துளி உடைவதை ஆராய்ந்ததிலிருந்தே தெரிந்த விஷயம், துளி எவ்வளவு கெட்டிப் பாகாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது: சுற்றியுள்ள உருகலைவிடச் சுமார் 4 மடங்குக்கு மேல் கெட்டியாக இருந்தால் வெறும் தேய்ப்பில் உடையாது, உள்ளேயே உருண்டுகொண்டிருக்கும். இழுத்து நீட்டும் ஓட்டம்தான் உடைக்கும். ட்வின் ஸ்க்ரூ (இரட்டைத் திருகு) மெஷினும் மேலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிஎத்திலீனும் வேண்டும், அது நைலானின் அமீன் முனையோடு சேர்ந்து துளிகள் மறுபடி ஒன்று சேராமல் தடுக்கும்.

மண்டபம்_குருணை:
அண்ணே, அதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. பிரிக்க வழி இருக்கா?

எக்ஸ்ட்ரூடர்_மதுரை:
அரைத்ததைத் தொட்டியில் கொட்டுங்க. ஹெச்டிபிஇ, பிபி (பாலிபுரொப்பிலீன்) இரண்டும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். நைலானின் அடர்த்தி 1.14 (தண்ணீர் 1), மூழ்கும். காற்றுக் குமிழி ஒட்டினால் நைலானும் மிதந்து ஏமாற்றும், சோப்பு சொட்டு விட்டுக் கலக்குங்க. பிபி கயிறை அரைப்பதற்கு முன்பே கையால் எடுத்துவிடுங்க, ஹெச்டிபிஇயோடு அதுவும் சரியாகச் சேராது.

தொண்டி_ராஜா:
வலையில் கட்டிய ஈயக்குண்டையும் முதலிலேயே வெட்டி எடுங்க தம்பி. காந்தம் பிடிக்காது, நைலானோடு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பேரல் (ஸ்க்ரூ சுற்றும் குழாய்) போச்சு.