மறுமொழி: கார்க் வகைகளுக்குத் தமிழ்ப் பெயர்கள் – ‘ஒட்டுத்தக்கை’ என்று ஒரு முன்மொழிவு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

கார்க்குக்குத் ‘தக்கை’ போதுமா என்று நடந்துவரும் இழையை முழுவதும் படித்தேன். தாராளமாகப் போதும். தூண்டில் நூலில் மிதப்பதையும் குப்பியின் வாயை அடைப்பதையும் நெடுங்காலமாகத் தக்கை என்றே சொல்லிவருகிறோம். கைக்குக் கனமே தெரியாத பொருளையும் ‘தக்கையாக இருக்கிறது’ என்கிறோம். இவ்வளவு வேர்பிடித்த சொல் கையில் இருக்கும்போது புதிதாக ஒன்றைத் தேட வேண்டியதில்லை. பழைய பாடல்களில் தக்கை ஒரு தோற்கருவியின் பெயர் என்று நண்பர் ஒருவர் நினைவூட்டியிருந்தார். உண்மைதான், ஆனால் இடம் நோக்கிப் பொருள் தெளிந்துவிடும். நெட்டியோடு குழம்பும் என்ற ஐயத்தில்தான் நியாயம் இருக்கிறது. நெட்டி ஒரு நீர்ச்செடியின் தண்டு. கார்க்கோ ஒரு கருவாலி (ஓக்) மரத்தின் புறப்பட்டை. இரண்டையும் தக்கை என்று எழுதும் வழக்கம் உண்டு. கலைச்சொல் தொகுப்பில் நெட்டியை நெட்டி என்றும் கார்க்கை மட்டும் தக்கை என்றும் வரையறுத்துவிட்டால் தீர்ந்தது. குப்பியை அடைக்கும் துண்டை ‘அடைப்பான்’ ஆக்கிவிடலாம். அப்போது ‘பிளாஸ்டிக் தக்கை’ என்று எழுத நேராது.

என்னால் ஏற்க முடியாதது நேற்றைய மடலில் வந்த இந்த வரி:

> மூலப்பொருள் ஒன்றே என்பதால் எல்லாப் பண்டங்களுக்கும் ‘தக்கை’ என்ற ஒரே சொல் போதும். வகை பிரிப்பது வீண் சுமை.

வகை பிரிக்காமல் விட்டால், இந்தப் பொருளைப் பற்றி வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய முக்கியமான செய்தியே மறைந்துபோகும். சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்கும் தக்கை வட்டு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அநேகமாக அது சிறு சிறு மணிகள் நெருங்கி ஒட்டிய பரப்பாகத்தான் இருக்கும். சில மணிகள் வெளிறியும் சில கருத்தும் தெரியும். விளிம்பை நகத்தால் நெருடினால் ஒரு மணி தனியே உதிரும். அடுத்து, நல்ல ஒயின் குப்பியின் அடைப்பான் ஒன்றைப் பாருங்கள். அதில் மணி இராது. ஆண்டு வளையங்கள் மெல்லிய கோடுகளாக ஓடும். அவற்றுக்குக் குறுக்கே பழுப்பான பட்டைத்துளைகள் செல்லும். இது மரத்திலிருந்து உரித்த பட்டையிலிருந்து ஒரே துண்டாக வெட்டியெடுத்தது. அந்த வட்டு, அரைத்த குருணையைப் பசையிட்டு அழுத்தியது. பசை இன்று பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். ஒரே துண்டாக வெட்டிய அடைப்பான் மட்கும், வட்டு மட்குமா என்பதைப் பசைதான் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு, இரண்டின் மேலும் ‘இயற்கைப் பொருள்’ என்று அச்சிட்டு விற்றால், வாங்குபவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்?

அதனால் என் முன்மொழிவு இது. ஒரே துண்டாக வெட்டியது ‘முழுத்தக்கை’. குருணையைப் பசையால் பிணைத்தது ‘ஒட்டுத்தக்கை’. ‘இயற்கைத் தக்கை’, ‘திரள்தக்கை’ என்று இழையில் வந்த இணையை நான் வேண்டாம் என்பேன். தக்கை எல்லாமே இயற்கையில் விளைவதுதான் என்பதால் ‘இயற்கை’ எதையும் பிரித்துக் காட்டாது. ‘திரள்’ பிழையில்லாத சொல், ஆனால் எதனால் திரண்டது என்பதைச் சொல்லவில்லை. மெல்லிய மரத்தகடுகளைப் பசையால் பிணைத்த பலகையை ஏற்கெனவே ‘ஒட்டுப்பலகை’ என்கிறோம். அந்தச் சொல்லை அறிந்த எவருக்கும் ‘ஒட்டுத்தக்கை’ விளக்கமின்றிப் புரியும்.

‘ஒட்டு’ என்றால் மட்டமான சரக்கு என்ற தொனி வரும் என்று சிலர் தயங்கலாம். ஒட்டுச்செடியை யாரும் மட்டமாக நினைப்பதில்லை. மேலும், ஒட்டுத்தக்கை மட்டமான பொருளும் அன்று. மரத்தின் வாழ்க்கையைப் பார்த்தால் இது விளங்கும். தக்கைக் கருவாலி மேற்கு மத்தியதரைக்கடல் நாடுகளின் மரம். உலகத் தக்கையில் ஏறத்தாழ பாதி போர்ச்சுகலில் விளைகிறது. நட்டு 25 ஆண்டு அளவில் முதல் உரிப்பு நடக்கும். அந்தப் பட்டை கரடுமுரடாக இருக்கும், அடைப்பானுக்கு ஆகாது. அதன்பின் ஒன்பது ஆண்டுக்கு ஒரு முறைதான் உரிக்கலாம். இரண்டாம் உரிப்பும் அவ்வளவு சீராக இராது. மூன்றாம் உரிப்பிலிருந்துதான், அதாவது மரத்துக்கு நாற்பது வயது கடந்தபின்தான், அடைப்பானுக்கு ஏற்ற சீரான பட்டை கிடைக்கும். அதற்குப் போர்த்துகீசிய மொழியில் ‘அமதியா’ என்று தனிப்பெயரே இருக்கிறது. முதல் இரண்டு உரிப்புகளும், அடைப்பான் குடைந்தெடுத்தபின் மிஞ்சும் பட்டையும் வீணாகாமல் போய்ச் சேரும் இடம் குருணை ஆலை. தரை ஓடு, அறிவிப்புப் பலகை, யோகாசனக் கட்டை, காலணியின் உள்ளடி என வீட்டுக்கு வரும் தக்கைப் பண்டங்களில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. ஆலையில் எஞ்சும் தூள்கூட எரிபொருளாகிவிடுகிறது.

‘அறுவடை’ என்பதற்குப் பதில் ‘உரிப்பு’ என்று நான் எழுதுவதும் இதனால்தான். அறுவடை என்றால் ஒரு செடி முடிந்துபோகும் நினைவு வருகிறது. பட்டையைச் சுற்றிலும் உரித்தால் பெரும்பாலான மரங்கள் பட்டுப்போகும். தக்கைக் கருவாலி பிழைத்து, புதுப் பட்டை வளர்த்து, இருநூறு ஆண்டுவரை வாழும். கோடைக்காலத்தில், மரம் சுறுசுறுப்பாக வளரும்போது, கோடரியால் கீறி நெம்பி எடுக்கிறார்கள். கோடரி உள்பட்டையில் இறங்கிவிட்டால் மரத்துக்குக் காயம், அதனால் அது தேர்ந்த கைகளின் வேலை. உரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தை வெள்ளைச் சாயத்தில் மரத்தின் மேல் எழுதிவைப்பார்கள். 5 என்று எழுதியிருந்தால் 2025இல் உரித்தது, 2034க்கு முன் யாரும் தொடக்கூடாது. முதல் முறை எடுப்பதற்கு ‘கன்னித் தக்கை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ‘முதலுரிப்புத் தக்கை’ என்றால் செய்தி நேராகப் போய்ச் சேரும்.

மூன்றாவதாக ஒரு வகைக்கும் பெயர் வேண்டும். குருணையை அச்சில் இட்டு அதிவெப்ப நீராவியைச் செலுத்தினால் மணிகள் உப்பி, தம்மிலிருந்தே கசியும் பொருளால் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். பசை ஒரு துளிகூட வேண்டாம். வெப்பத்தில் நிறம் கருத்துவிடும். சுவருக்கும் கூரைக்கும் வெப்பக் காப்பாக இதைப் பதிக்கிறார்கள். ‘அவித்த தக்கை’ என்ற யோசனை வந்திருந்தது. அடைப்பானுக்கான பட்டையையும் நீரில் வேகவைத்துத்தான் மென்மையாக்குகிறார்கள் என்பதால் அது குழப்பும். நிறத்தை வைத்துக் ‘கருந்தக்கை’ என்போம்.

தக்கை ஏன் வெப்பத்தையும் நீரையும் தடுக்கிறது என்பதைத் தொகுப்பின் குறிப்பில் ஒரு வரியாவது சொல்ல வேண்டும். ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஏறத்தாழ 4 கோடி மூடிய அறைகள், உள்ளே காற்று, சுவர்களில் நீர் புகவிடாத சூபரின் என்ற மெழுகு போன்ற பொருள். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டு ‘செல்’ என்று பெயரிட்டது தக்கையின் இந்த அறைகளைத்தான்.

‘தக்கைத் தோல்’ என்ற சொல்லை மட்டும் தொகுப்பில் சேர்க்க வேண்டாம் என்று வற்புறுத்துகிறேன். பைகளுக்கும் பணப்பைகளுக்கும் பயன்படும் அந்தப் பொருளில் தோல் இல்லை. சீவிய மெல்லிய தக்கைத்தகட்டைத் துணியின் மேல் ஒட்டியிருக்கிறார்கள். ‘தக்கைத்துணி’ என்றால் உள்ளதைச் சொல்லியதாகும். ரப்பரோடு கலந்து செய்வதை ஒட்டுத்தக்கைக்குள் அடக்கலாமா, ‘ரப்பர்தக்கை’ என்று பிரிக்கலாமா என்பதில் எனக்கு இன்னும் முடிவில்லை. பிரிப்பதே நல்லது என்று தோன்றுகிறது, ஏனென்றால் அதில் ரப்பரின் பங்கு பசையைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்தத் தொழிலை அறிந்தவர்கள் எழுதினால் வார இறுதிக்குள் பதிவை முடித்துவிடலாம்.