'கரப்ட்' ஆன கோப்பு: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கிளிநொச்சி, கணினி ஆசிரியை:

குழுவினருக்கு வணக்கம். உயர்தர மாணவர்களுக்கான செயன்முறைத் தாளை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டு எங்கள் வீட்டிலேயே கிடைத்தது. அப்பா செயலாளராக இருக்கும் கமக்காரர் அமைப்பின் காலபோக நெற்செய்கைப் பதிவேடு, மைக்ரோசாப்டின் தரவுத்தள மென்பொருளான ஆக்சஸில் செய்த ஓர் எம்டிபி (.mdb) கோப்பு. பதிந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. மறுநாள் திறந்தால், தரவுத்தள வடிவமே அடையாளம் தெரியவில்லை என்கிறது.

செய்யவேண்டியதை எழுதிவிட்டேன். முதலில் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் கைவைக்க வேண்டும். வேறு எவரும் திறந்துவைத்திருக்கவில்லை என்று உறுதிசெய்தபின், தரவுத்தளம் திறந்திருக்கும்போது உருவாகி எஞ்சிக் கிடக்கும் எல்டிபி (.ldb) பூட்டுக் கோப்பை நீக்க வேண்டும். பிறகு ஆக்சஸிலேயே உள்ள 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கட்டளை. அதுவும் கைவிட்டால், புதிய வெற்றுத் தரவுத்தளத்துக்குள் அட்டவணைகளை ஒவ்வொன்றாக இறக்குமதி செய்து பார்க்க வேண்டும்.

சிக்கல் 'கரப்ட்' (corrupt) என்ற சொல்லில். இப்படிக் கெட்டுப்போன கோப்பைத் தமிழில் என்னவென்று எழுதுவது? மொழிபெயர்ப்புச் செயலி 'ஊழல் கோப்பு' என்று தந்தது. வகுப்பில் வாசித்துக் காட்டினேன். அன்றைய பாடம் அத்தோடு முடிந்தது.

முள்ளியவளை, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பிள்ளை, சொல் ஆயத்தமாக இருக்கிறது: சிதைவு. உருமாறி வரும் வடசொல்லைத் தொல்காப்பியர் 'சிதைந்தன வரினும்' என்கிறார். மரபியலில் நூலுக்கு வரும் குற்றங்களுக்கும் சிதைவு என்றே பெயர். ஒரே கமக்காரர் இரண்டு தடவை பதிவானால் கூறியது கூறல். ஒரே வயலுக்கு இரண்டு பரப்பளவு இருந்தால் மாறுகொளக் கூறல். பதிவு தொலைந்தால் குன்றக் கூறல். தரவுத்தளக் கோட்பாட்டை அவரே எழுதிவிட்டார் என்று சொல்ல வரவில்லை. சொன்னாலும் பெரிய பிழையில்லை.

புதுக்குடியிருப்பு, கணினி திருத்தும் கடைக்காரர்:

ஐயா, என் கடைக்கு வருகிறவர்கள் 'பைல் பழுதாகிவிட்டது' என்கிறார்கள். சிதைந்தது என்றால் இங்குள்ளவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கோப்பு அல்ல. அந்தச் சொல்லைப் பிள்ளைகளின் தாளில் போடாமல் விடலாம்.

வவுனியா, மொழிபெயர்ப்பாளர்:

பழுது மிகவும் அகலமான சொல். சைக்கிள் பழுதாகும், பாலும் பழுதாகும். கலைச்சொல்லுக்கு வேலி வேண்டும். 'பழுதெண்ணும் மந்திரி' என்ற குறளில் அது தீமை. பழுதை என்றால் வைக்கோற்புரி. பாதி திறக்கும் கோப்பைப் பார்த்தால், பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதையென்று மிதிக்கவும் முடியாமல் நிற்கும் நிலைதான்.

> பழுதை என்றால் வைக்கோற்புரி

இதற்கும் ரீச்சரின் தாளுக்கும் என்ன தொடர்பு? (புதுக்குடியிருப்பு)

மாங்குளம், நூலக உதவியாளர்:

ஒரு புதுச்சொல் தருகிறேன். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுச் சுவடிகளைப் பாணப் பூச்சி கலப்பைபோல் உழுது கிடந்த கோலத்தை எழுதியிருக்கிறார். எழுத்து இருக்கிறது, வாசிக்கத்தான் முடியவில்லை: 'கரப்ட்' என்பது இதுவே. 'பாணமரித்த கோப்பு' என்று வைத்தால் என்ன? வயல் உழும் ஊரில் கலப்பை எவருக்கும் விளங்கும்.

புதுக்குடியிருப்பு:

கலப்பை விளங்கும் அண்ணா, பாணம் விளங்காது. ஆனால் ஏடு என்றது பொருந்துகிறது. ஆக்சஸின் தரவுத்தள இயந்திரமான ஜெட் 4 எழுதும் எம்டிபி கோப்பு 4096 பைட் அளவான பக்கங்களாகவே பகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டும். எழுதும் நடுவில் மின்சாரம் நின்றால் பாதிப் பக்கம் புதியது, மீதி பழையது. சுட்டிய இடத்தில் வேறெதுவோ கிடக்கும்.

நான் கேட்க வந்தது வேறு. 'ரிப்பேர்' என்பதற்கும் 'ரெக்கவரி' என்பதற்கும் ரீச்சர் தாளில் மீட்பு என்றே எழுதியிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல. குளக்கட்டு உடைந்தால் கட்டைத் திருத்தலாம். ஓடிய தண்ணீர் திரும்பாது. ஆக்சஸின் 'ரிப்பேர்' கட்டைத்தான் திருத்துகிறது. வாசிக்க முடியாத வரிசையை எறிந்துவிட்டும் கோப்பைத் திறக்கவைத்துவிடும். திறந்துவிட்டது என்று மகிழ்ந்து பழைய பிரதியை அழித்தவர்களை நான் கண்டிருக்கிறேன்.

கிளிநொச்சி:

அண்ணா, நானும் அதைத்தான் செய்யப் பார்த்தேன். நல்லவேளை, பிரதியை அழிக்கவில்லை. திருத்திய கோப்பில் கடைசி இரண்டு நாள் பதிவைக் காணவில்லை. அப்பா இப்போது கொப்பியைப் பார்த்து மறுபடியும் பதிகிறார்.

வவுனியா:

அப்படியானால் அமைப்புக்குத் திருத்தல், தரவுக்கு மீட்டல். மீட்டல் எனக்கு முழுச் சம்மதமில்லை. அடகு வைத்த நகையின் நினைவு வருகிறது. வேறு சொல் தோன்றவும் இல்லை.

கிளிநொச்சி:

நாளை காலை அச்சகத்துக்குப் போகிறேன். 'பழுதடைந்த கோப்பு', 'திருத்தல்', 'மீட்டல்' என்று போட்டுவிட்டேன். ஐயா கோபிக்க வேண்டாம்.

முள்ளியவளை:

கோபமில்லை, பிள்ளை. உடன்பாடும் இல்லை. தாளின் தலைப்பில் தொழினுட்பம் என்று சந்தி பிழையாமல் எழுதியிருக்கிறீர்கள், அதற்காக விட்டுவிடுகிறேன். சிதைவு சிதைவுதான்.

மாங்குளம்:

பாணத்தைப் பற்றி ரீச்சர் ஒன்றும் எழுதவில்லையே?