வியன்னா ராட்டினத்தில் மாமியாரை ஏற்றலாமா?

காட்பாடிக்காரி:
குடியாத்தம் சிரசு திருவிழா முடிஞ்ச கையோட, மே கடைசியில் வியன்னாவில் இருக்கிற கொழுந்தனார் வீட்டுக்குப் போறோம். பிராட்டர் பார்க்கில் இருக்கிற பழைய ராட்டினத்துக்கு டிக்கெட் போடட்டுமான்னு கேக்கிறார். சிக்கல் என் மாமியார்தான். சிரசுல ஒருதரம் ஜெயன்ட் வீல் ஏறி, இறக்கத்துல எல்லாம் "நிறுத்துடா பாவி"ன்னு கத்தினவங்க. வீலை ஓட்டற தம்பி கூட ரெண்டு சுத்து விட்டான். இப்போ மூட்டு வலி வேற. ராட்டினம் நூறு வருஷத்துக்கு மேல பழசுங்கிறதை அவங்க காதுல போடலை. ஏத்தலாமா?

ஆம்பூர்_வியன்னா:
தாராளமா ஏத்துங்க அக்கா. நம்ம ஊர் வீல்ல வயித்தைக் கலக்கறது வேகம். இது மணிக்கு 2.7 கிலோமீட்டர்தான். வேலூர் கோட்டையைச் சுத்தி வாக்கிங் போற பெரியவங்களே இதை முந்திடுவாங்க. தொட்டி இல்லை, கூரையும் கண்ணாடி ஜன்னலும் வச்ச பெரிய சிவப்புப் பெட்டி. உள்ளே எழுந்து நடக்கலாம், உக்காரவும் இடம் உண்டு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லி வைங்க. கீழே ஆள் ஏறி இறங்கறப்ப சக்கரம் நிக்கும், உங்க பெட்டி அப்போ உச்சியில் இருக்கலாம். 64.75 மீட்டர் உயரம். எங்க அம்மா அங்கே வந்ததும் முருகான்னு கம்பியைப் பிடிச்சவங்க, ஸ்டீபன் சர்ச் கோபுரம் தெரிஞ்சதும் விட்டுட்டாங்க.

கட்டினது 1897-ல், ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் ஆட்சிப் பொன்விழாவை ஒட்டி. 1916-லயே இடிக்க அனுமதி வாங்கியாச்சு, இடிக்கத்தான் காசில்லை! அப்புறம் அதை வாங்கின எடுவார்ட் ஸ்டைனர் யூதர். நாஜிகள் அவர்கிட்டேயிருந்து பிடுங்கிட்டாங்க, 1944-ல் அவரை ஆஷ்விட்ஸ் வதை முகாமில் கொன்னுட்டாங்க. அதே வருஷம் ராட்டினமும் எரிஞ்சுது. 1947-ல் திரும்ப ஓட விட்டப்போ 30 பெட்டியை 15 ஆக்கிட்டாங்க. எரிஞ்ச இரும்பு மேல அவ்வளவு பாரம் வேணாம்னுதான். அதனாலதான் பெட்டிக்குப் பெட்டி அவ்வளவு இடைவெளி.

பார்க்குக்குள்ள போக காசு இல்லை, ஏறற ஒவ்வொண்ணுக்கும்தான் டிக்கெட். பிராட்டர்ஸ்டெர்ன் ஸ்டேஷன்ல இறங்குங்க, யு1, யு2 மெட்ரோ ரெண்டுமே நிக்கும்.

ராணிப்பேட்டை_ஃபிட்டர்:
பழசுன்னு பயப்படாதம்மா, அதுல பாக்க வேண்டிய சமாச்சாரம் வேற கீது. ஆரக்கால் எல்லாம் கம்பி இல்லை, ஸ்டீல் ரோப். சைக்கிள் வீல் கணக்குதான்: எல்லா ஆரமும் இழுத்துப் பிடிச்சு நிக்கும், அதான் அவ்ளோ பெரிய வளையம் கோணாம இருக்கு. மோட்டாரும் நடு அச்சைத் திருப்பறது இல்லை. வளையத்தைச் சுத்தி ஒரு ரோப் ஓடி, கீழே மெஷினுக்குள்ள போய்த் திரும்புது. விளிம்பைப் பிடிச்சு இழுத்தா கம்மி பலமே போதும். ஏறறதுக்கு முன்னாடி கீழே நின்னு அதைப் பாருங்க, போட்டோ அப்புறம் எடுத்துக்கலாம்.

காட்பாடிக்காரி:
ரொம்ப நன்றி. டிக்கெட் போடச் சொல்லிட்டேன். ஃபிட்டர் ஐயா எழுதினதை மாமனார் ரெண்டு தரம் படிச்சார். அவர் ஏற மாட்டாராம், கீழேயே நின்னு ரோப் ஓடறதைப் பாக்கணுமாம். ஒரு டிக்கெட் மிச்சம்.