நாலு பெட்டிக்கும் சர்டிஃபிகேட் இருக்கு, டிராலியை மறுபடி டெஸ்ட் பண்ணணுமா?

செந்தில்_கியூஏ:
ஒரே டிராலியில் அல்ட்ராசவுண்ட், மினி பிசி, மானிட்டர், பிரிண்டர். நாலுக்கும் மூணு முனை பிளக், எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அல்ட்ராசவுண்டுக்கு ஐஇசி 60601-1 (மருத்துவ மின்கருவிகளோட பாதுகாப்புத் தரநிலை) ரிப்போர்ட் இருக்கு. மத்த மூணுக்கும் 62368-1 (கம்ப்யூட்டர், ஆடியோ-வீடியோ சாதனங்களோட பாதுகாப்புத் தரநிலை), இஎம்சி (மின்காந்த இடையூறு) ரிப்போர்ட், ஐரோப்பியச் சட்டத்துக்கான சிஇ முத்திரை எல்லாம் கைவசம். ஐரோப்பாவுக்குப் போகப்போகிற சரக்கு. லேபுக்கு மறுபடி காசு கட்டணுமா?

மணி_ரெகுலேட்டரி:
வேண்டாம். ஐரோப்பிய மருத்துவக் கருவிச் சட்டமான எம்டிஆர் 2017/745, 22-ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. சிஇ பெற்ற மருத்துவக் கருவியோடு, அதனதன் சட்டப்படி சரியாக உள்ள மற்ற பொருட்களையும் சேர்த்து சிஸ்டமாக விற்கலாம். சேர்ப்பவர் ஓர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார், சிஸ்டத்துக்கென்று தனி சிஇ முத்திரை கிடையாது. இஎம்சியிலும், மருத்துவக் கருவிகளுக்கான 60601-1-2 தரநிலை, மருத்துவம் சாராத சாதனத்துக்குச் சோதனை விலக்கு தருகிறது. தரநிலையே விட்டுக்கொடுத்த பிறகு நாம் ஏன் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும்?

ஓம்மீட்டர்:
மணி சார், அந்த அறிக்கையில் நீங்க கையெழுத்துப் போடுறதே "இவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதைச் சரிபார்த்தேன்" என்பதுக்குத்தான். எதை வச்சு சரிபார்த்தீங்க?

கணக்கைப் பாருங்க. ஒவ்வொரு எஸ்எம்பிஎஸ்ஸிலும் (பவர் சப்ளை) லைனுக்கும் எர்த்துக்கும் நடுவில், இரைச்சலை வடிகட்ட 4.7 நானோஃபாரட் ஒய் கெப்பாசிட்டர் இருக்குன்னு வைங்க. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் அது வழியா 0.34 மில்லி ஆம்பியர் எர்த்துக்குக் கசியும். நாலையும் தனித்தனியா சுவரில் குத்தினா, ஏதோ ஒரு எர்த் அறுந்தாலும் தொடுறவர் மேல பாய்றது அந்த 0.34 மட்டும். ஒற்றைக் கோளாறில் தொடு மின்னோட்ட வரம்பு 0.5. பாஸ்.

நாலையும் ஒரே பாக்ஸில் குத்தி, அந்த பாக்ஸ் பிளக்குக்குள்ள எர்த் ஸ்க்ரூ தளர்ந்து வயர் கழன்றால்? நாலு கசிவும் சேர்ந்து 1.36. அதுவும் நாலு பெட்டியில் எதைத் தொட்டாலும். உங்க கையில் இருக்கிற எந்த ரிப்போர்ட்டிலும் இந்த எண் கிடையாது. 60601-1-இன் 16-ஆவது அத்தியாயம் இதுக்குத்தான். நோயாளியைச் சுற்றி 1.5 மீட்டருக்குள் இருந்தா பிரிண்டரும் மருத்துவக் கருவி அளவுக்குப் பாதுகாப்பு தரணும்.

மணி_ரெகுலேட்டரி:
கசிவை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்கு மருந்து லேபில் இல்லை, டிசைனில் இருக்கிறது. பாக்ஸுக்கு முன்னால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் செகண்டரிக்கு (பாக்ஸ் பக்கச் சுருளுக்கு) பூமியோடு தொடர்பு அறுகிறது, கசிவு திரும்பிப் போக அநேகமாக வழி இருக்காது. அல்லது பிசியையும் மானிட்டரையும் இரட்டை இன்சுலேஷன் மெடிக்கல் அடாப்டரில் ஓட்டுங்கள். லீக்கேஜ் மீட்டரை வாடகைக்கு எடுத்து நீங்களே அளந்துகொள்ளலாம்.

டொராய்டு:
டிரான்ஸ்ஃபார்மர் சரி, ஆனா டொராய்டல் (வளைய வடிவம்) வாங்கினா ஆன் பண்ற நொடியில் இழுக்கிற இன்ரஷ் மின்னோட்டத்தில் சுவர் எம்சிபி (சர்க்யூட் பிரேக்கர்) டிரிப் ஆகும். பிரைமரியில் (சுவர் பக்கச் சுருளில்) அந்த வேகத்தை அடக்குற என்டிசி ரெசிஸ்டரோ சாஃப்ட் ஸ்டார்ட்டோ வைங்க. அளக்கும்போது ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க: மானிட்டரோட எர்த்தை மட்டும் எடுத்துட்டு அளக்கிறது. எச்டிஎம்ஐ கேபிளின் கவசம் பிசி வழியா எர்த்தாகிடும், மீட்டர் அழகா சைபர் காட்டும். கேபிள் மாட்டி ஒரு தடவை, கழட்டி ஒரு தடவை அளங்க. ஆஸ்பத்திரி லேன் (நெட்வொர்க்) கவசக் கேபிளா இருந்தா அது இன்னொரு பக்கத்து எர்த்தையும் கூட்டிட்டு வரும். லேன் ஐசொலேட்டர் இல்லாம மாட்டாதீங்க.

அலைவாங்கி:
இஎம்சிக்கு வருகிறேன். அந்தச் சோதனை விலக்கை மணி சார் பாதியில் நிறுத்திவிட்டார். நிபந்தனைகள் உண்டு. அந்தச் சாதனம் தன் இஎம்சி தரநிலையை நிறைவேற்ற வேண்டும். அதன் உமிழ்வும் (வெளிவிடும் மின்காந்த இரைச்சல்) தாங்குதிறனும் (வெளி இரைச்சலைச் சமாளிப்பது) சிஸ்டத்தின் அடிப்படைப் பாதுகாப்பையும் முக்கியச் செயல்பாட்டையும் கெடுக்காது என்று தீர்மானிக்க வேண்டும். சிஸ்டத்தின் மொத்த உமிழ்வை அது வரம்புக்கு மேலே தூக்காது என்றும் தீர்மானிக்க வேண்டும். ரிப்போர்ட் கைவசம் இருப்பது முதல் நிபந்தனைக்கு மட்டுமே பதில்.

மானிட்டர் பாஸானது அதன் பெட்டியில் வந்த கேபிளோடு. டிராலியில் போடுவது கடையில் வாங்கிய 1 மீட்டர் எச்டிஎம்ஐ. 1080பி, 60 ஹெர்ட்ஸில் அதன் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ், அதில் அரை அலைநீளம் 1.01 மீட்டர். கேபிளே ஆன்டெனா. மலிவான கனெக்டருக்குள் கவசத்தை முறுக்கி 2 செ.மீ. வயராக்கி சால்டர் செய்திருப்பார்கள். அது சுமார் 20 நானோஹென்றி, அந்த அதிர்வெண்ணில் 19 ஓம். கவசம் எர்த்தோடு ஒட்டவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணி_ரெகுலேட்டரி:
அதற்காக முழு டெஸ்ட்டா? 360 டிகிரி கவசம் உள்ள கேபிளைப் பாகப் பட்டியலில் மாடல் எண்ணோடு பூட்டுங்கள், பிசி முனையில் ஃபெரைட் (இரைச்சலை அடக்கும் காந்த வளையம்) போடுங்கள், அரை நாள் ப்ரீ-ஸ்கேன் (உமிழ்வை மட்டும் பார்க்கும் முன்னோட்டச் சோதனை) பாருங்கள். தீர்மானிக்க அது போதும்.

அலைவாங்கி:
உமிழ்வுக்கு மட்டும் போதும். 8 கிலோவோல்ட் ஈஎஸ்டி (நிலைமின் பொறி) மானிட்டர் ஃப்ரேமில் விழுந்து, அது கேபிள் வழியாகப் போய், அல்ட்ராசவுண்ட் படம் உறைந்தால்? ப்ரீ-ஸ்கேனில் அது தெரியாது. ஈஎஸ்டியும் 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை கேபிளில் செலுத்தும் தாங்குதிறன் சோதனையும் முழு டிராலியில்தான். மானிட்டர் மாடல் மாறினால் இந்த இரண்டும் மறுபடி.

செந்தில்_கியூஏ:
புரிஞ்சுது. பாக்ஸில் ஆறு சாக்கெட், ரெண்டு காலியா இருக்கு. விடலாமா?

ஓம்மீட்டர்:
விட்டா ராத்திரி ட்யூட்டியில் யாராவது செல்போன் சார்ஜர் குத்துவாங்க, உங்க கணக்கு அங்கேயே போச்சு. நாலு சாக்கெட் பாக்ஸா வாங்குங்க. ஸ்க்ரூடிரைவர் இல்லாம திறக்க முடியாத மூடி போடுங்க. பாக்ஸ் தாங்குற அதிகபட்ச விஏவையும் (வோல்ட்-ஆம்பியர்) மஞ்சள் முக்கோண எச்சரிக்கைக் குறியையும் மேல ஒட்டுங்க. அது இல்லைன்னா ஆய்வாளர் மீட்டரையே எடுக்க மாட்டார்.