கப்பலூரில் 3 மீட்டர் உயரத்தில் யார் மூக்கு இருக்கிறது?

கப்பலூரான்:
"மதுரைக் காற்றுக்கு ஒரு குறையும் இல்லை, காற்றுத் தரம் காட்டும் செயலியில் பச்சை காட்டுகிறது" என்று நேற்று தெப்பக்குளத்தார் எழுதியதைப் படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. இன்று காலை மதுரையை அடுத்த கப்பலூர் சுங்கச்சாவடிப் பக்கம் டீக்கடை பெஞ்சில் என் கைக்கருவியை வைத்துப் பார்த்தேன். பிஎம் 2.5, அதாவது காற்றில் மிதக்கும் நுண்துகள், ஒரு கன மீட்டருக்கு 140 மைக்ரோகிராம். நின்ற லாரி ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியதும் 210. கடைக்காரர் பெஞ்சைத் துடைத்த துணி கரிக்கட்டையாக இருந்தது. நம் நாட்டு வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் 15 என்றே குறைத்துவிட்டது.

தெப்பக்குளத்தார்:
பெஞ்சிலா வைத்தீர்கள்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய நெறிமுறைப்படி அளக்கும் கருவி காற்றை இழுக்கும் வாய் தரையிலிருந்து 3 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். உங்கள் எண் செல்லாது.

கப்பலூரான்:
3 மீட்டரில் யார் மூக்கு சார் இருக்கிறது? அதே இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். அவர்கள் மூக்கு 1 மீட்டரில். லாரிப் புகைக்குழாயும் தாழத்தான் இருக்கிறது.

வைகைக்கரை வாசகி:
ஒரு சந்தேகம். 60 என்பது 24 மணி நேர சராசரி அல்லவா? ஒரு நிமிட அளவை அதோடு எப்படி ஒப்பிடுவது?

தெப்பக்குளத்தார்:
விதி சும்மா வைக்கவில்லை. ஊருக்குப் பொதுவான காற்றை அளக்கத்தான் 3 மீட்டர். அப்புறம், உங்கள் கைக்கருவி லேசர் ஒளி சிதறுவதை வைத்துக் கணக்குப் போடுவது. டீ பாய்லர் ஆவி பட்டாலே எண் எகிறும். காற்றை வடிதாள் வழியே இழுத்து, அதில் படிந்த தூசியை எடை போட்டுப் பார்ப்பதுதான் அளவு.

கப்பலூரான்:
பாய்லர் பத்தடி தள்ளி இருந்தது. ஆவிதான் காரணம் என்றால் லாரி போனதும் எண் ஏன் இறங்கியது? வண்டிப் புகையின் கரியும் மிக நுண்ணிய துகளும் ரோட்டை விட்டு இருநூறு முந்நூறு மீட்டர் போவதற்குள் வெகுவாகக் குறைந்துவிடும். தள்ளி, மாடியில் வைத்த கருவி பச்சை காட்டத்தான் செய்யும். மறுபடி கேட்கிறேன், 3 மீட்டரில் யார் மூக்கு?

தெப்பக்குளத்தார்:
சுங்கச்சாவடி மேல் உங்களுக்குப் பழைய கோபம். காளவாசல் பாலம் பற்றிப் பேசியபோதும் கடைசியில் இங்கேதான் வந்து நின்றீர்கள்.

கப்பலூரான்:
பாலத்தை ஏன் இழுக்கிறீர்கள்? அன்றைக்கும் நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

திருமங்கலத்தான்:
அண்ணே, இதை "மதுரைக் காற்று" என்று சொல்லாதீர்கள். கப்பலூர் எங்கள் தாலுகா. சுங்கக் கட்டணத்தை எதிர்த்து நாங்கள் போராடியபோது மதுரைக்காரர் எத்தனை பேர் வந்தீர்கள்?

கப்பலூரான்:
நான் வந்தேன் தம்பி. இரண்டு நாள் வெயிலில் உட்கார்ந்தேன். உன்னைத்தான் பார்க்கவில்லை.

திருமங்கலத்தான்:
இரண்டாவது நாள் மதியமே கிளம்பிவிட்டீர்கள். நான் பார்த்தேன்.

வைகைக்கரை வாசகி:
24 மணி நேரக் கணக்கு?

கப்பலூரான்:
அதை அப்புறம் பேசலாம் அம்மா. சார், நாளைக்கு ஏணி கொண்டுபோய் 3 மீட்டரிலும் வைக்கிறேன். கீழே ஒன்று, மேலே ஒன்று.

தெப்பக்குளத்தார்:
இரண்டும் அதே கைக்கருவிதானே? அதுவும் செல்லாது.