கோஆபரேட்டிவ் மல்டிடாஸ்கிங்: ‘கூட்டுறவு’ பொருந்துமா?

வணக்கம்.

கணினிச் சொற்களுக்குத் தமிழ் தேடும்போது, பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓட்டும் மல்டிடாஸ்கிங் என்பதற்குப் ‘பல்பணி’ போதும், அதில் யாருக்கும் சண்டை இல்லை. நிரலே சிபியுவை (கணினியின் செயலியை) விடும் கோஆபரேட்டிவ், இயக்குதளம் அதை எடுத்துக்கொள்ளும் பிரீஎம்ப்டிவ் என்ற இரண்டு அடைமொழிகளில்தான் இழுபறி. ‘கூட்டுறவுப் பல்பணி’ என்றால் நிரல்கள் சங்கம் வைத்து நடத்துவதுபோல் இருக்கிறது.

1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் நடப்பதைப் பாருங்கள். ஒரு விண்டோஸ் நிரல் ‘எனக்கு அடுத்த செய்தி (விசை, கிளிக் போன்றவை) என்ன?’ என்று கெட்மெசேஜ் என்ற அழைப்பு வழியாகக் கேட்கும்போதுதான் சிபியு மற்றொரு நிரலுக்குப் போகும். பெரிய விரிதாளைக் கணக்கிடும் நிரல் இடையில் கேட்க மறந்தால் மணற்கடிகை தோன்றி அப்படியே நிற்கும். பிரிண்ட் மேனேஜரும் ஒரு விண்டோஸ் நிரல்தான் என்பதால் அச்சும் பாதியில் காத்துக் கிடக்கும். மவுஸ் சுட்டி மட்டும் நகரும். பொறுமையிழந்து தட்டிய கிளிக்குகள் வரிசையில் சேர்ந்து, கணக்கு முடிந்ததும் மொத்தமாகப் பாயும், சில நேரம் வேண்டாத பொத்தான்மேல். இதில் கூடிச் செய்வது எதுவும் இல்லை. கையில் வைத்திருப்பவர் மனமுவந்து விட வேண்டும், அவ்வளவுதான். ஆகவே ‘விட்டுத்தரு பல்பணி’. சிபியுவை விடுவதைக் குறிக்கும் யீல்டு என்ற வினைக்கும் ‘விட்டுத்தா’ கிடைத்துவிடுகிறது.

பிரீஎம்ப்டிவுக்கு ‘முன்னுரிமைப் பல்பணி’ வேண்டவே வேண்டாம். பிரையாரிட்டிதான் முன்னுரிமை. ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயக்குதளத்தில் நான்கு முன்னுரிமை வகுப்புகள், ஒவ்வொன்றிலும் 32 படிகள். இரண்டையும் ஒரே பத்தியில் எழுத நேர்ந்தால் வாசகர் தொலைந்தார். பிரீஎம்ப்டிவில், கடிகாரக் குறுக்கீடு (குறித்த இடைவெளியில் வன்பொருள் தரும் சைகை) வந்ததும் இயக்குதளம் சிபியுவை நிரலிடமிருந்து பறித்துக்கொள்கிறது. ‘பறிப்புப் பல்பணி’ என்கிறேன்.

* * *

உங்கள் மடலுக்குப் பதில்: ‘விட்டுத்தரு’ சரி. ‘பறிப்பு’ வழிப்பறிபோல் ஒலித்தாலும் ஏற்கலாம். ‘மீட்பு’ ஏற்கெனவே ரெகவரிக்குப் போய்விட்டது.

ஒரு திருத்தம்: அடைமொழியை இயக்குதளத்தின் பெயரோடு ஒட்டாதீர்கள். 386 என்ஹான்ஸ்டு முறையில் (386 செயலியின் வசதிகளைப் பயன்படுத்தும் முறை) ஓடும் அதே விண்டோஸ் 3.1இல், பழைய டாஸ் நிரல்களுக்கான சாளரங்களுக்குப் பறிப்புதான். விண்டோஸ் நிரல்களுக்குள் மட்டுமே விட்டுத்தருதல்.

இன்னொன்று, ஓஎஸ்/2 2.0 பறிப்பு வகை, ஆனாலும் திரை உறையும். ஒரு நிரல் தன் செய்தியை எடுக்காமல் உட்கார்ந்தால் மற்ற சாளரங்களுக்கும் விசைப்பலகை செத்துவிடும். பின்னணியில் பிளாப்பி ஃபார்மட் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். காரணம் சிபியு அல்ல, விசையும் கிளிக்கும் காத்திருக்கும், எல்லாச் சாளரங்களுக்கும் பொதுவான ஒற்றை உள்ளீட்டு வரிசை. இதற்குத் தனிச்சொல் இல்லாவிட்டால் ‘பறிப்பு என்றீர்களே, பின் ஏன் நின்றது?’ என்று கேட்பார்கள். ‘வரிசை அடைப்பு’ என வைக்கலாம்.

சொற்களை உதவி மேசை வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: ‘இந்த நிரல் விட்டுத்தரவில்லை’, ‘சிபியு ஓடுகிறது, வரிசைதான் அடைத்திருக்கிறது’. இரண்டும் நாக்கில் இடறவில்லை.