சாங்கி – நியூயார்க்: டிக்கெட்டில் ஆறு மணி நேரம்கூட இல்லையே, எப்படி?

தேக்காவாசி: அவசரம். அம்மா தனியா சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துலேருந்து நியூயார்க் போறாங்க. டிக்கெட்ல ராத்திரி 11.55க்குக் கிளம்பி மறுநாள் காலை 5.30க்கு இறங்குதுன்னு போட்டிருக்கு. தூரம் ஒரு இடத்துல 15,349, இன்னொண்ணுல 9,537, வேறொண்ணுல 8,288. எதை நம்புறது? மாத்திரை நேரம் பார்க்கணும், சீக்கிரம் சொல்லுங்க.

பறவைக்கண்: எந்த மாசம்? நேரடி விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா? இறங்குறது கென்னடி விமான நிலையமா, நெவார்க் விமான நிலையமா?

கிழக்குக்கடல்: மூணும் ஒரே தூரம்தான். முதல்ல கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசி கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ., 8,288ஐ அதால பெருக்கிப் பாருங்க.

குயின்ஸ்காரன்: பூமி கிழக்கு நோக்கிச் சுத்துது. அதனால கிழக்கே போனா ஊர் தள்ளித் தள்ளிப் போகும், நேரம் இழுக்கும்.

ஓடுபாதை: தம்பி, பூமியோட சேர்ந்து காற்றும்தான் சுத்துது. பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கணும். நேரத்தை மாத்துறது ஜெட் காற்று, அதாவது விமானம் பறக்கிற உயரத்துல ஓடுற வேகக் காற்று. மேற்கிலிருந்து கிழக்கே, குளிர்காலத்துல மணிக்கு 200 கி.மீ.க்கு மேலயும் வீசும். அதை முதுகில் வாங்கத்தான் இங்கிருந்து போற விமானம் பெரும்பாலும் ஜப்பான் பக்கமா ஏறிப் பசிபிக்கைத் தாண்டுது. டிக்கெட்ல இருக்கிறது அந்தந்த ஊர் நேரம். இதையெல்லாம் கேட்கிறதுக்கு முன்னாடி இந்த மன்றத்தோட பழைய இழைகளைத் தேடிப் பாருங்க.

பறவைக்கண்: சாங்கி 104 டிகிரி கிழக்கு, கென்னடி 74 மேற்கு. கூட்டினா 178, கிட்டத்தட்ட பூமியைப் பாதி சுத்தின மாதிரி. உலக உருண்டையில் நூல் பிடிச்சா வடதுருவத்தை உரசிக்கிட்டுப் போகும். அதுதானே குறுக்கு வழி?

ஓடுபாதை: தூரம் குறைஞ்சா நேரம் குறையும்னு யார் சொன்னது? 15,349 நூல் பிடிச்ச கணக்கு. நிஜமா பறக்கிறது அதைவிடக் கூட.

குயின்ஸ்காரன்: அப்போ திரும்பி வரும்போது?

ஓடுபாதை: அன்னிக்குக் காற்று எப்படியோ அப்படி. அட்லாண்டிக் பக்கமாவும் வரும். நெவார்க் விமானத்துல எகானமியே கிடையாது தெரியுமா? மிக நீண்ட தூரம் பறக்கிற ஏ350-900 யூஎல்ஆர் ரகம், மொத்தமே 161 இருக்கை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018ல மறுபடி ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி 2004லேருந்து 2013 வரை நாலு இன்ஜின் ஏ340-500 ஓடுச்சு. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாம நிறுத்தினாங்க.

பறவைக்கண்: கேட்டவர் மாத்திரைக்கு வழி கேட்டாரு, நீங்க விமான வரலாறு சொல்றீங்க.

தேக்காவாசி: ஜனவரி. நேரடி, கென்னடி. மாத்திரை தினமும் ராத்திரி 9 மணிக்கு.

கிழக்குக்கடல்: ஜனவரின்னா நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்னாடி. மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரைன்னா 12. டிக்கெட்ல தெரியிற 5 மணி 35 நிமிஷத்தோட 13ஐக் கூட்டுங்க, 18 மணி 35 நிமிஷம். ஓடுபாதையில் ஊர்ந்து போற நேரமும் இதுல அடக்கம். கிளம்புற அன்னிக்கு 9 மணி மாத்திரையை சாங்கியிலேயே போட்டுக்கட்டும். அடுத்த 9 மணி அங்கே காலை 8. அப்போ அம்மா குடியேற்ற வரிசையில்கூட நிக்கலாம், அதனால மாத்திரை கைப்பையில் இருக்கணும், பெட்டியில் போட்டுடாதீங்க. அங்கேயும் ராத்திரிக்கு மாத்தணுமா, காலையிலேயே தொடரலாமான்னு டாக்டரைக் கேளுங்க.

தேக்காவாசி: கேட்டுட்டேன். காலை 8 மணிக்கே தொடரச் சொல்லிட்டாரு. ரொம்ப நன்றிண்ணே.

பறவைக்கண்: நடைபாதை ஓர இருக்கையா எடுத்தீங்களா? அம்மா அப்பப்போ எழுந்து நடக்கணும்.